ஓட்டையிலிருந்து தொடங்குங்கள்: வன்னியில் கடைக்கும் களஞ்சியத்துக்கும் தகரக் கூரை தெரிவு செய்யும் முறை

கிளிநொச்சி முரசுமோட்டையில் எங்கள் நெல் களஞ்சியத்துக்குக் கூரை போட்டபோது, கடையில் இருந்ததிலேயே பாரமான தகரத்தைத்தான் வாங்கினோம். காசைப் பார்க்கவில்லை. மூன்றாவது மாரியில் உள்ளே ஒழுகத் தொடங்கியது. தகரம் எங்காவது கிழிந்திருக்கும் என்று நினைத்து ஏறிப் பார்த்தால், அது வாங்கிய நாள்போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. கெட்டுப்போயிருந்தது ஒவ்வொரு ஸ்குரூ ஆணியின் தலைக்குக் கீழும் இருந்த றப்பர் வாசர். பூட்டியவர் இறுக்கிய இறுக்கத்தில் அது பிதுங்கி, வெயிலில் வெடித்து, நகத்தால் கிள்ள உதிர்ந்து வந்தது. அந்தக் கூரையில் ஆயிரத்துக்கு மேல் ஆணிகள். அத்தனை ஆணிக்கும் அத்தனை ஓட்டை. நல்ல தகரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதில் ஆயிரம் ஓட்டைகளை நாங்களே போட்டோம். அந்த ஓட்டைகளை எது மூடப்போகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆணித்தலை வெளியே தெரியும்படி தகரத்தைத் துளைத்துப் பூட்டும் இந்தக் கூரைதான் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கடைகளிலும், அரிசி ஆலைகளிலும், மாட்டுக் கொட்டில்களிலும் இருக்கிறது. விலை குறைவு, விரைவாகப் போடலாம், ஒரு தகரம் பழுதானால் அதை மட்டும் கழற்றலாம். நல்ல கூரைதான். ஆனால் தகரத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினால் பிழையாகிவிடும். ஓட்டையிலிருந்து யோசியுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், அந்த ஓட்டை 20 வருடம் தண்ணீர் விடாமல் இருக்க என்ன வேண்டும் என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும்.

படி 1: கூரைக்குக் கீழே என்ன இருக்கப்போகிறது?

கடைக்காரர் முதலில் நிறத்தைக் கேட்பார். நீங்கள் முதலில் உங்களையே கேட்கவேண்டியது இதை.

நெல் என்றால் பிரச்சினை மேலிருந்து மட்டும் வராது. காலபோக நெல் வீட்டுக்கு வருவது தை, மாசியில். பகலில் வெயில், இரவில் பனி. சரியாகக் காயாத நெல்லை மூட்டையாக அடுக்கினால் அதிலிருந்து ஈரச்சூடு மேலே எழும். இரவில் குளிர்ந்து கிடக்கும் தகரத்தின் அடியில் அது நீராகப் படிந்து, விடியற்காலையில் சொட்டும். மழையே இல்லாத நாளில் மேல்மூட்டை நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால் கூரை ஒழுகுகிறது என்று தேடாதீர்கள். நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள். முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். தகரத்துக்குக் கீழே வெள்ளித்தாள் போட்ட வெப்பத்தடுப்பு விரிப்பு ஒன்றையும் சேருங்கள். சலாகைக்கும் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தகரத்துக்கும் இடையில் விரிப்பதானால் அதைத் தகரத்தோடு சேர்த்தே போடவேண்டும். பிறகு போட நினைத்தால் முழுக் கூரையையும் கழற்ற நேரும்.

மாடு, ஆடு, கோழி என்றால் மூத்திரத்திலிருந்தும் எருவிலிருந்தும் எழும் அமோனியாதான் எதிரி. இப்போது அதிகம் விற்கும் அலுமினியமும் நாகமும் (துத்தநாகம்) கலந்த பூச்சு மழைக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும், காரத்துக்குத் தாங்காது. உத்தரவாதப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். கால்நடைக் கொட்டிலுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல கம்பனிகள் அதிலேயே எழுதியிருக்கும். கொட்டிலை உயர்த்தி, பக்கங்களைத் திறந்துவிட்டு, எருவைத் தினமும் அள்ளுவதுதான் அரைவாசி வைத்தியம். மீதிக்கு, அடிப்பக்கமும் நிறப்பூச்சு உள்ள தகரத்தையோ, தடித்த நாகப் பூச்சுத் தகரத்தையோ கேளுங்கள். யூரியா மூட்டை அடுக்கும் களஞ்சியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடை என்றால் சூடு. வீதியோரக் கடையில் பகல் 2 மணிக்கு இருந்தவர்களுக்கு அது தெரியும். வெள்ளை, பால்நிறம் போன்ற வெளிர்நிறத் தகரம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கடும்பச்சையும் கடுஞ்சிவப்பும் பார்க்க எடுப்பாக இருக்கும், உள்ளே இருப்பவருக்குத்தான் வேகும். ட்ரக்டர் நிறுத்தும் கொட்டகைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதற்குப் பெரும்பாலும் சுவர் இருக்காது, ஆகவே கவனம் முழுவதும் காற்றில் இருக்கவேண்டும்.

படி 2: உங்கள் காணிக்கு வரும் காற்று, மழை, உப்பு

வன்னியில் வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். புரட்டாசி வரை காய்ந்த காற்று, நாட்கணக்காக ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கு வாடையோடு மழை. பெரும்புயல்கள் கிழக்கே வங்கக் கடலிலிருந்து வருகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்த வட பகுதியைக் கடந்துதான் போனது. 2020 டிசம்பர் 2 இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறிய புரேவியை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

காற்று கூரையை அழுத்தி உடைப்பது அரிது. மேலே உறிஞ்சித்தான் கழற்றும். அந்த உறிஞ்சல் நடுக்கூரையில் குறைவாகவும், ஓரங்களிலும் முகட்டிலும் நான்கு மூலைகளிலும் மிக அதிகமாகவும் இருக்கும். சுவரில்லாத கொட்டகையில் கீழிருந்தும் காற்று தள்ளும். வெளியான வயலுக்கு நடுவே நிற்கும் கட்டடத்துக்கு, மரங்கள் சூழ்ந்த வளவுக்குள் இருப்பதைவிட நெருக்கமாக ஆணி வேண்டும். சலாகையைத் தாங்கும் கைமரம் சுவரோடும் தூணோடும் இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். தகரம் சலாகையை விடாமல் பிடித்திருந்தாலும், சலாகை கைமரத்தை விட்டுவிட்டால் கூரை முழுதாகவே பறக்கும்.

உப்பைப் பற்றி இரண்டு வரி. கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவுக் கரை, பூநகரி, மன்னார்ப் பக்கம் கட்டுகிறவர்கள் நிறப்பூச்சுத் தகரமும், கடலோரத்துக்கென்று தடித்த பூச்சோடு வரும் ஆணியும் எடுக்கவேண்டும். அங்கே முதலில் துருப்பிடிப்பது மழை கழுவும் மேற்பக்கம் அல்ல, மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கம். வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

படி 3: பூச்சும் தடிப்பும்

ஊரில் எல்லாவற்றையும் அமானோ என்றுதான் கேட்கிறோம். அது ஒரு பெயர் மட்டுமே. கடையில் கேட்கவேண்டியவை இரண்டு எண்கள்.

முதலாவது, பூச்சின் அளவு. அலுமினியம் 55 வீதம், நாகம் ஏறக்குறைய 43 வீதம், மிச்சம் சிலிக்கன் என்பதுதான் நல்ல கலவைப் பூச்சு. இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 150 கிராம் என்றால் ஏஇசட் 150 என்று எழுதியிருக்கும். ஒரு பக்கத்துக்கு வெறும் 20 மைக்குரோன். தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாத அந்தப் படைதான் இரும்பைக் காக்கிறது. அதைவிடக் குறைந்த எண் உள்ள தகரம் விலை குறைவாக வரும், காட்டுக்குள் கட்டும் தற்காலிகக் கொட்டிலுக்கு அது போதும். களஞ்சியத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, தடிப்பு. 0.47 மில்லிமீற்றர் என்று சொன்னால், “அது பூச்சோடா, பூச்சில்லாமலா?” என்று கேளுங்கள். பூச்சைக் கழித்தால் உள்ளே இருக்கும் இரும்பு 0.43க்கு அண்மையில் நிற்கும், நிறப்பூச்சையும் கணக்கில் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். ஆணியைப் பிடிப்பதும் காற்றைத் தாங்குவதும் அந்த இரும்புதான். மெல்லிய தகரத்தில், காற்று உலுக்க உலுக்க ஆணித்தலையைச் சுற்றியுள்ள ஓட்டை பெருக்கும். ஒரு நாள் ஆணி சலாகையிலேயே நிற்க, தகரம் மட்டும் ஆணித்தலையைத் தாண்டிக் கழன்றுபோகும்.

பேச்சில் நம்பிக்கை வரவில்லையா? இரண்டு கடைகளிலும் ஒரே நெளி, ஒரே அகலம், ஒரே நீளமுள்ள தகரம் ஒவ்வொன்றை நெல் நிறுக்கும் தராசில் வையுங்கள். பாரம் கூடியதில் இரும்பு கூட இருக்கிறது. சின்ன மைக்குரோமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. நான் தகரம் வாங்கப் போகும்போது அதைச் சட்டைப் பையில் கொண்டுபோகிறேன், கடைக்காரர் ஒருவரும் இதுவரை கோபித்ததில்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது கிடைத்த பழைய நாகப்பூச்சுத் தகரம் இன்னும் பல வளவுகளில் இருக்கிறது. புதுக் கூரையின் இறவாரத்தை நீட்ட அதைக் கீழே செருகுவோம். அப்படிச் செய்யாதீர்கள். கலவைப்பூச்சு அல்லது நிறப்பூச்சுத் தகரத்தில் வழிந்து வரும் மழைநீர், கீழே உள்ள வெறும் நாகப்பூச்சை மிக விரைவில் தின்றுவிடும். இறவாரத்தில் மழைநீரை ஏந்தும் நாகப்பூச்சுப் பீலிக்கும் இதே கதிதான். பழைய தகரத்தை வேலி அடைக்க, விறகு மூட வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வளைந்த நெளியா, தட்டைப்பட்டியா

வளைந்த நெளித் தகரம் நாம் பழகியது. அகலம் முழுவதும் ஒரே சீராக நெளிந்திருப்பதால் சின்ன அடிக்குச் சொட்டை தெரியாது. தட்டைப்பட்டித் தகரத்தில், அதாவது தட்டையான பள்ளங்களுக்கு இடையில் பட்டிகள் உயர்ந்து நிற்கும் தகரத்தில், தண்ணீர் போகும் பள்ளம் அகலம், பட்டியும் ஓர் அங்குலம் வரை உயரம். சரிவு குறைந்த கடைக்கூரைக்கு அதுதான் நல்லது, கொட்டும் மாரியில் தண்ணீர் பட்டியின் மேல் ஏறாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பில் கீழ்த் தகரத்தில் ஒரு மெல்லிய தவாளிப்பு இருக்கும். விளிம்புக்குள் ஊறி ஏறும் தண்ணீரை அது நிறுத்தும். தகரத்தைத் திருப்பிப் போட்டால் அது மேற்பக்கம் வந்து வேலை செய்யாது. போடும் நாளில் இதைப் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

சரி, சரிவு எவ்வளவு வேண்டும்? நெளித் தகரம் 5 பாகைக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 10 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 10½ அங்குல உயர்வு. இது கடைசி எல்லை மட்டும். வன்னி மழைக்கு நான் 10 அடிக்கு 2 அடி உயர்த்துவேன். இலைகுழை தங்காது, வாசரைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. கிட்டத்தட்டத் தட்டையாகக் கூரை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இந்த வகைத் தகரமே வேண்டாம், ஆணி தெரியாமல் கொக்கியில் மாட்டும் வகைக்குப் போங்கள்.

படி 5: சலாகை

மேலே நல்லது போட்டுக் கீழே இடைவெளி விட்டால் பயனில்லை. நெளித் தகரத்துக்குச் சலாகை இடைவெளி 3 அடியைத் தாண்டவேண்டாம். இறவாரத்திலும் முகட்டிலும் முதல் இடைவெளியை இன்னும் குறையுங்கள். ஆள் ஏறி மிதிப்பதும் குரங்கு குதிப்பதும் அங்கேதான்.

முதிரை, பாலை போன்ற கடின மரம் என்றால் ஆணி இறங்க மறுக்கும். முன்னரே சிறு துளை போட்டு, ஆணியின் புரியில் சவர்க்காரம் தடவுங்கள். ஒயில் தடவவேண்டாம். வாசரின் றப்பர் வெயிலைத் தாங்கும், கனிய எண்ணெயைத் தாங்காது, ஊதிப்போகும். கறையானுக்காகச் சலாகைக்குக் கழிவு ஒயில் பூசுகிறவர்கள் அதைத் தகரம் போடுவதற்குப் பல நாள் முன்னரே பூசிக் காயவிடுங்கள். பனஞ்சலாகை என்றால் வைரமேறிய பகுதிதானா என்று பார்த்து எடுங்கள், உள்ளே உள்ள மென்மையான சோற்றிப் பகுதியில் ஆணி நிற்காது. இரும்பு சீ சனலோ பொக்ஸ் பாரோ என்றால், போடுமுன்னரே ஒட்டிய இடங்களுக்கும் வெட்டிய முனைகளுக்கும் துருத்தடுப்புப் பூச்சுப் பூசிவிடுங்கள்.

படி 6: ஆணி

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மொத்தச் செலவில் ஆணிக்குப் போவது சின்னப் பங்குதான். அங்கே மிச்சம் பிடிக்கிறவர்கள் அதைப் பல மடங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள்.

சுத்தியலால் அடிக்கும் குடையாணியை மறந்துவிடுங்கள். மரம் காய்ந்து சுருங்க அது மெல்ல மெல்ல மேலே எழும். அறுகோணத் தலையும் அதன் கீழே உலோகத்தோடு ஒட்டிய றப்பர் வாசரும் உள்ள ஸ்குரூ ஆணிதான் வேண்டும். பருமன் 12ஆம் இலக்கம். மரத்துக்குக் கூர்முனையும் அகன்ற புரியும் உள்ளது, இரும்புக்குத் துளைக்கும் முனை உள்ளது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடந்தால் பிரித்தெடுங்கள். துளைக்கும் முனை ஆணியை மரத்தில் போட்டால் பிடிக்கவேண்டிய மரத்தையே அது தூளாக்கிவிடும்.

வாசரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே போய் உடனே திரும்பி வரவேண்டும். ஈபிடிஎம் என்ற றப்பர் அது. பிளாஸ்டிக் போலக் கடினமாக, அழுத்தத்துக்கு அசையாமல் இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி துருப்பிடிக்காதே, அதைப் போடலாமே என்று கடலோரத்தில் கேட்பார்கள். ஆணி துருப்பிடிக்காதுதான், ஆனால் உப்பு ஈரத்தில் அது தன்னைச் சுற்றியுள்ள தகரத்தின் பூச்சைத் தின்னும். தகரத்தின் பூச்சுக்கு ஒத்துப்போகும் பூச்சுள்ள ஆணியே சரி.

நீளத்துக்கு ஒரு கணக்கு. நெளியின் உயரம், விரிப்பு இருந்தால் அதன் தடிப்பு, இவற்றோடு மரத்துக்குள் இறங்கக் குறைந்தது 1¼ அங்குலம். பட்டி ஓர் அங்குலம் உயரமென்றால் 2½ அங்குல ஆணி. இரும்பென்றால் சலாகையைத் துளைத்து மறுபக்கம் மூன்று புரியாவது தெரியவேண்டும்.

ஆணியை மேட்டில் போடுவதா, பள்ளத்தில் போடுவதா? கைப்பேசியில் வீடியோ பார்த்து வேலை பழகிய தம்பிமார் அடிக்கடி கேட்பது இது. அமெரிக்கப் பண்ணைக் கட்டடங்களில் பட்டிக்குப் பக்கத்தில் உள்ள தட்டையில்தான் போடுவார்கள். அங்கே தகரம் நேராகச் சலாகையில் பதிந்து இருக்கும், ஆணி ஆடாது. அவுஸ்திரேலியாவில் கூரைக்கு மேட்டில் போடுவார்கள். ஒரு வாசர் கெட்டாலும் தண்ணீர் ஓடும் பள்ளம் தப்பும். இரண்டு முறைக்கும் நியாயம் இருக்கிறது. ஐப்பசி மழை கொட்டுவதைப் பார்த்த எனக்கு, கூரையென்றால் மேடு, சுவரென்றால் பள்ளம். மேட்டில் போடும்போது அதிகம் இறுக்கினால் நெளி குழிந்து, குழிக்குள் தண்ணீர் நிற்கும். ஆகவே கையில் நிதானம் வேண்டும்.

எங்கள் களஞ்சியத்தில் தவறியது அந்த நிதானம்தான். மோதி மோதிச் சுழற்றும் துப்பாக்கி மெசினால் பூட்டினார்கள், அதற்கு நிற்கும் இடம் தெரியாது. இறுக்கத்தை அளவாக வைக்கக்கூடிய துளைமெசினைக் கேளுங்கள். வாசர் அமுங்கி, அதன் றப்பர் உலோகத் தொப்பியின் விளிம்புக்குச் சரியாக வந்து நிற்கவேண்டும். விரலால் திருப்பிப் பார்த்தால் சுற்றக்கூடாது. தொப்பிக்கு வெளியே பூப்போலப் பிதுங்கினால் அதிகம், றப்பருக்கும் தகரத்துக்கும் இடையே ஒளி தெரிந்தால் குறைவு, ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் ஆணி சரிந்திருக்கிறது. முதல் பத்து ஆணியைப் பூட்டும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். “அண்ணை, இது நாங்கள் எத்தனை வருசமாச் செய்யிற வேலை” என்பார்கள். பரவாயில்லை, நில்லுங்கள்.

படி 7: கணக்கு

கூரை நீளம் 60 அடி, கட்டட அகலம் 30 அடி, இரு பக்கமும் ஒன்றரை அடி இறவாரம், 10 அடிக்கு 2 அடி உயர்வு என்று வையுங்கள். ஒரு பக்கத்தின் தரையளவு 16½ அடி. சரிவில் அது 16 அடி 10 அங்குலமாகும். பீலிக்குள் 2 அங்குலம் நீட்ட, தகரம் 17 அடி.

அகலத்தைக் கேட்கும்போது முழு அகலத்தைக் கேட்காதீர்கள், மூடும் அகலத்தைக் கேளுங்கள். நெளித் தகரம் ஒன்று 762 மில்லிமீற்றர், அதாவது 2½ அடி மூடுமென்றால் ஒரு பக்கத்துக்கு 24, இரு பக்கத்துக்கும் 48 தகரம். சலாகை 7 வரிசை. இறவாரத்திலும் முகட்டிலும் தகரத்துக்கு 5 ஆணி, நடு 5 வரிசைகளில் 3 ஆணி, மொத்தம் 25. 48 தகரத்துக்கு 1,200. பக்க விளிம்புகளைச் சலாகைக்குச் சலாகை நடுவில் ஒவ்வொன்றாகத் தைக்க இன்னும் 276 சிறு ஆணி. முகட்டு மூடிக்குத் தனி. விழுவதற்கும் வளைவதற்குமாக நூற்றுக்குப் பத்துக் கூட எடுங்கள். வயல்வெளிக் கட்டடத்தில் ஓரத்துத் தகரங்களுக்கு நடு வரிசையிலும் 5 ஆணி போடுவேன், அதையும் சேருங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகட்டிலிருந்து பீலிவரை ஒரே தகரமாக இருந்தால் நடுவில் ஒட்டு இல்லை, அது நல்லது. ஆனால் பகல் வெயிலுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் தகரம் 40 பாகை வித்தியாசம் காணும். 17 அடித் தகரம் 2½ மில்லிமீற்றர் நீளும், 40 அடித் தகரம் 6 மில்லிமீற்றர். ஆணியோ அசையாது. தினமும் நீண்டு சுருங்கும் தகரம் ஓட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கும். 30 அடிக்கு மேல் ஒரே நீளமாகப் போட எனக்கு விருப்பமில்லை. வாய்க்கால் பாலத்தால் லொறி திரும்புமா என்பதையும் பார்த்துக்கொண்டு ஓடர் கொடுங்கள்.

படி 8: இறக்கி வைத்தல்

கட்டுக் கட்டாக வந்த தகரத்தை மழையில் நனையவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சில வாரத்திலேயே வெண்மையும் கருமையுமாகக் கறை போடும். நிலத்திலிருந்து உயர்த்தி, ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்றுப் போகும்படி மூடுங்கள். நனைந்துவிட்டால் அன்றே ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடையுங்கள். சீமெந்துப் பூச்சு வேலை மிச்சமிருந்தால் அதை முதலில் முடியுங்கள், ஈரச் சீமெந்து பட்ட இடம் பூச்சை இழக்கும்.

படி 9: போடும் நாள்

சோளகக் காலமென்றால் விடியலில் தொடங்கி, காற்று எழும்புமுன் நிறுத்துங்கள். 17 அடித் தகரத்தைத் தூக்கிய ஆளை ஒரு வீச்சுக் காற்று ஏணியோடு சேர்த்துத் தள்ளும். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் தகரத்தை நிமிர்த்தவே வேண்டாம்.

மூலைமட்டம் பாருங்கள்: 6 அடி, 8 அடி அளந்தால் குறுக்கு 10 அடி வரவேண்டும். முதல் தகரம் அரை அங்குலம் சரிந்தால் கடைசித் தகரத்தில் அது கை அகலமாகும்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? மழை வாடையோடு வருவதால், வாடைக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் முதல் தகரத்தை வைத்து வாடையை நோக்கிப் போடுங்கள். அப்போது மேலே ஏறும் விளிம்பு காற்றுக்கு மறுபக்கம் திரும்பியிருக்கும், மழை உள்ளே அடிக்காது. ஆனால் அந்த விளிம்புகள் சோளகத்தைப் பார்த்து நிற்கும். சோளகம் மழையைக் கொண்டுவராது, தூக்கப் பார்க்கும். அதற்குத்தான் முன்னே சொன்ன பக்கத்தையல் ஆணி. அதை விடவேண்டாம்.

தச்சர் காதில் செருகியிருக்கும் பென்சிலைத் தகரத்தில் படவிடாதீர்கள். அந்தக் கரி, கலவைப் பூச்சில் கோடு கோடாக அரிப்பை உண்டாக்கும். மை பேனா போதும். கிரைண்டரால் வெட்டுவதையும் தடுக்கவேண்டும். ஒரு கடைக்கூரையில், வெட்டும்போது பறந்த பொறிகள் பக்கத்துத் தகரங்களில் ஒட்டிக்கொண்டன. முதல் மழைக்கு அடுத்த நாளே வெள்ளைக் கூரை முழுக்கச் சிரங்குபோலப் பழுப்புப் புள்ளி. தகரக் கத்திரியால் வெட்டுங்கள். துளைத்த தூளை ஒவ்வொரு மாலையும் மெல்லிய தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் இறங்கவேண்டும். நடக்கும்போது சலாகை வரிசையில், தட்டையான சப்பாத்தோடு.

சலாகையில் படாமல் தவறிய ஆணியை அப்படியே விடாதீர்கள். கழற்றி, ஓட்டையை றிவிற்றும் சிலிக்கோனும் வைத்து மூடுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கோன் உலோகத்தை அரிக்கும், மணமில்லாத நடுநிலை வகையைக் கேளுங்கள்.

படி 10: முகடும் பீலியும்

முகட்டு மூடிக்குக் கீழே, தகரத்தின் ஒவ்வொரு பள்ளத்தின் முனையையும் குறட்டால் மேலே மடித்துவிடுங்கள். வாடை தள்ளும் மழை முகட்டைத் தாண்டி உள்ளே போகாது. இறவாரத்தில் பள்ளத்தைக் கீழே மடியுங்கள், தண்ணீர் பின்னால் ஊராமல் பீலிக்குள் விழும். நெல் இருக்கும் இடமென்றால் நெளியின் வடிவத்துக்கே வெட்டிய பஞ்சுப் பட்டியால் இடைவெளிகளை அடையுங்கள். அணிலும் குருவியும் எலியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. முகட்டில் காற்று வழி விடும் இடத்தில் மட்டும் பஞ்சுக்குப் பதில் கம்பிவலை.

பீலிக்கு பீவீசி போதும். மேலே கணக்குப் பார்த்த கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 4,700 லீற்றர் தண்ணீர் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் கல்லுப்பிடிக்கும் நம்முடைய இடங்களில் அதை வாய்க்காலுக்கு விடுவது பாவம், ஒரு தொட்டிக்குத் திருப்புங்கள். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டுச் சேருங்கள். அந்தக் கூரையில் ஈயத் தகடு எங்கும் இருக்கக்கூடாது.

படி 11: ஒவ்வொரு புரட்டாசியும்

முதல் வருடம் முடிய ஒருமுறை ஏறி ஆணிகளைப் பாருங்கள், மரச்சலாகை காய்ந்து சுருங்கி சில தளர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன். பள்ளங்களில் தங்கிய இலைகளைக் கூட்டுங்கள், ஈர இலைக்குக் கீழேதான் பூச்சு முதலில் போகும். தகரத்துக்கு முன்னால் வாசர் கிழடாகும். வெடித்த வாசருக்கு மேல் தார் பூசுவதால் பயனில்லை. ஆணியைக் கழற்றி, ஓட்டை பெருத்திருந்தால் 14ஆம் இலக்க ஆணியைப் புது வாசரோடு போடுங்கள். எங்கள் களஞ்சியத்தில் அப்படித்தான் ஆயிரத்துச் சொச்சம் ஆணிகளையும் நாங்கள் இருவராக நான்கு காலையில் மாற்றினோம். தகரம் ஒன்றைக்கூட மாற்றவேண்டி வரவில்லை. அடுத்த மாரியில் மேல்மூட்டைகளைத் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தன.